பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுத்தால் பிற்பாடு வழி அடைபடாது?

கயல்அம்மா

வணக்கம். என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்திருக்கிறாள். அறிவியலில் 93, கணிதத்தில் 78. அடுத்த வாரம் பிளஸ் ஒன் சேர்க்கை. என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் "தெரியவில்லை அம்மா" என்கிறாள். உயிரியல் பிடிக்கும். நன்றாகப் படம் வரைவாள். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.

அவள் அப்பா காமர்ஸ் எடுத்து சிஏ படிக்கட்டும் என்கிறார். வகுப்பாசிரியை ஃபர்ஸ்ட் குரூப் என்கிறார். என் தம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாவிட்டால் ஐடி பக்கமே போக முடியாது என்கிறான். பக்கத்து வீட்டில் ஒரு தனியார் பள்ளியைச் சொல்லி, இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றி நீட் கோச்சிங்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இப்போதே முடிவு சொல் என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டு வருடம் கழித்து அவளுக்கே ஒரு தெளிவு வரும்போது, அதற்கு வேறு பாடம் படித்திருக்க வேண்டும் என்று யாரும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. அந்த மாதிரி குரூப் எது?

ராஜகோபால்

பயோ மேத்ஸ், அதாவது இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். யோசிக்கவே வேண்டாம். மெடிக்கலும் போகலாம், இன்ஜினியரிங்கும் போகலாம்.

குமரன்_கணிதம்

ராஜகோபால் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைதான் கஷ்டப்படும். பிளஸ் டூவுக்குக் கணிதம் எடுக்கிற ஆசிரியன் நான். ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே கேள்வியோடு பெற்றோர் வருகிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பாடத்தை இப்போது விட்டால், பிறகு பிடிக்க முடியுமா?

கணக்குப்பதிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் புத்தகமே கணக்கியல் என்றால் என்ன என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. பதினெட்டு வயதிலோ இருபத்தைந்து வயதிலோ அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம். பொருளாதாரம், வரலாறு, அரசியல் அறிவியல் எல்லாம் அப்படித்தான். குடிமைப் பணித் தேர்வுக்கு இன்ஜினியர்கள் உட்கார்ந்து வரலாறு படிக்கிறார்கள், தேர்ச்சியும் பெறுகிறார்கள். கணிதமும் இயற்பியலும் அப்படி இல்லை. பிளஸ் ஒன்னில் முக்கோணவியலைச் சரியாகப் படிக்காதவனுக்கு அந்த வருடக் கடைசியில் வருகிற தொகை நுண்கணிதம் நிற்காது. தனியாக உட்கார்ந்து பிறகு பிடித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர்தான்.

விதிமுறைகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் பொதுப் பாடப்பிரிவுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று பெயரில் 'பயோ' இருந்தாலும் கேட்பது கணிதத்தைத்தான். கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்துவிட்டு, பிளஸ் டூ முடிவு வந்த பிறகு பயோடெக் கேட்டு வருகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அந்த நேரத்தில் அவர்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருப்பதில்லை.

தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ 2021-ல் கணிதமும் இயற்பியலும் எல்லாப் படிப்புக்கும் கட்டாயமில்லை என்று தன் கையேட்டில் தளர்த்தியது உண்மை. அந்தச் செய்தியை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம். சேர்க்கிற பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்பதுதான் கணக்கு.

உங்கள் தம்பிக்கு ஒரு வார்த்தை. பொறியியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர, பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கல்லூரியில் முதலிலிருந்துதான் சொல்லித் தருவார்கள். அந்தப் பாடம் நல்ல பாடம், மதிப்பெண்ணும் வரும். ஆனால் அது இல்லாததால் ஐடி வேலை போய்விடும் என்பது வெறும் பயம்.

பொறியியல் தரவரிசைக்கு எடுக்கிற கட்ஆஃப் மதிப்பெண் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 200. கணிதம் 100 அப்படியே வரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50. உங்கள் மகள் கணிதத்தில் 78, மற்ற இரண்டிலும் 90 எடுத்தால் 78+45+45, அதாவது 168. கணிதத்தில் 10 குறைந்தால் கட்ஆஃபில் 10 போகும். இயற்பியலில் 10 குறைந்தால் போவது 5. கணிதத்தை வெறுமனே எடுத்து வைத்திருந்தால் போதாது, அதில் மதிப்பெண்ணும் வேண்டும்.

வெண்ணிலா

கயல்அம்மா அக்கா, உங்கள் வீட்டுக்காரர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் கணிதம்-உயிரியல் படித்துவிட்டு சிஏ பக்கம் வந்தவள், இப்போது ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற சிஏ நேரடிப் பயிற்சியில் இருக்கிறேன்.

சிஏவின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனுக்கு பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் போதும். நான்கு தாள்: கணக்கியல், வணிகச் சட்டம், குவாண்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், வணிகப் பொருளாதாரம். மூன்றாவது தாளில் கணிதமும் புள்ளியியலும் இருக்கும். என்னோடு கோச்சிங்கில் இருந்த காமர்ஸ் பிள்ளைகள் கணக்கியல் வகுப்பில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நான் முழித்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது தாள் வகுப்பு வந்தால் இடம் மாறிவிடும். முதல் நான்கைந்து மாதம் டெபிட், கிரெடிட் பிடிபடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் குமரன் சார், காமர்ஸுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிஏவுக்கு அது சரி. பிகாம் அப்படி இல்லை. பல கல்லூரிகளில் பிகாம் பொதுப் பிரிவுக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குத்தான் முதல் இடம், சில இடங்களில் அவை இல்லாமல் விண்ணப்பமே எடுக்க மாட்டார்கள். எனக்கும் நான் கேட்ட கல்லூரியில் பிகாம் கிடைக்கவில்லை, பிபிஏ சேர்ந்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதம் என்று ஒரு பாடம் உண்டு. அணிகள், வகையீடு, புள்ளியியல் எல்லாம் அதில் வரும், பயனுள்ள பாடம். ஆனால் பொறியியல் கலந்தாய்வில் அது கணிதத்துக்கு ஈடாகாது. மேத்ஸ் இருக்கிறது என்று நம்பி அதை எடுத்துவிட்டுப் பின்னால் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காமர்ஸ்தான் என்று முடிவான பிள்ளைகள் கண்டிப்பாக அதை எடுக்கட்டும். வழி திறந்திருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

தணிகை_03

எல்லாரும் கணிதத்தையும் உயிரியலையும் சேர்த்து எடு என்று சொல்கிறீர்கள். அதை எடுத்த பிள்ளையின் ஒரு நாளை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

என் தம்பி போன வருடம்தான் முடித்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் செய்முறை, மூன்றுக்கும் ரெக்கார்டு நோட்டு. உயிரியலே தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு ஆசிரியர்கள், இரண்டு புத்தகங்கள். கணிதம் இரண்டு தொகுதி. காலையில் நீட் கோச்சிங், சாயங்காலம் மேத்ஸ் ட்யூஷன். ராத்திரி பதினொரு மணிக்கு ரெக்கார்டில் பூவின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டே தூங்கிவிழுவான். எதையும் விடக் கூடாது என்று எல்லாவற்றையும் பிடித்து, கடைசியில் நீட்டிலும் எதிர்பார்த்தது வரவில்லை, பொறியியல் கட்ஆஃபும் 140-ஐத் தாண்டவில்லை.

மதிப்பெண் குறைந்தாலும் வழி அடைபடும். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ப்யூர் சயின்ஸ் எடுத்திருந்தால் நிம்மதியாகப் படித்து விவசாயமோ கால்நடை மருத்துவமோ வாங்கியிருப்பான். இரண்டுமே நம் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் சேர்க்கை. பிசியோதெரபி, பிஎஸ்சி நர்சிங், பிஃபார்ம் எதற்கும் கணிதம் கட்டாயமில்லை. உயிரியல் பிடித்த பிள்ளைக்கு அது சின்ன உலகமா?

குமரன்_கணிதம்

தம்பி தணிகை, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான்கு கடினமான பாடமும் எல்லாரும் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையால் 80-க்கு மேல் எடுக்க முடியாத பாடத்தைப் பின்னால் உதவும் என்று சுமக்க வைத்தால், அது மற்ற பாடங்களின் நேரத்தையும் தின்றுவிடும்.

வெண்ணிலா சொன்ன பிகாம் விஷயமும் சரி. படிப்பு வேறு, சேர்க்கை விதி வேறு என்பதை நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் தம்பிக்கு நேர்ந்ததை முழுக்க குரூப் மேல் போடாதீர்கள். பயோ மேத்ஸ் படிப்பது ஒன்று, பயோ மேத்ஸோடு நீட், ஜேஇஇ இரண்டுக்கும் கோச்சிங் போவது வேறு. நீட்டில் 180 கேள்வியில் 90 உயிரியல், இயற்பியலும் வேதியியலும் 45, 45. ஐஐடி போன்ற இடங்களுக்கான ஜேஇஇயில் மூன்றில் ஒரு பங்கு கணிதம். இரண்டும் வேறு வேறு தயாரிப்பு. குரூப்பை அகலமாக எடுங்கள், நுழைவுத் தேர்வை ஒன்றோடு நிறுத்துங்கள். அந்த ஒன்றும் பிளஸ் ஒன் அரையாண்டுக்குப் பிறகு முடிவானால் போதும்.

ஓவியா.எஸ்

படம் வரைவாள் என்று சொன்னதை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள்! நான் பி.ஆர்க் நான்காம் வருடம்.

கட்டடக்கலைக்கு இயற்பியலும் கணிதமும் கட்டாயம். நேட்டா என்ற நுழைவுத் தேர்வு உண்டு. இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணையும் நேட்டா மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் ரேங்க் போடுகிறார்கள். அதனால் வரைகிற பெண் கணிதத்தை விட்டால் இந்த ஒரு வழி உறுதியாக அடைபடும். கணிதம் இருந்தால், உயிரியல் கூடவே இருப்பதால் இதில் எந்தக் கெடுதலும் இல்லை. எங்கள் வகுப்பில் பயோ மேத்ஸ் படித்தவர்கள் நிறையப் பேர்.

ஓவியமே படிக்க ஆசை என்றால் எந்த குரூப்பும் தடையில்லை. சென்னை எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, 1850-ல் தொடங்கியது. கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. வரைந்து காட்டித்தான் சேர வேண்டும். தேசிய வடிவமைப்பு நிறுவனம் (NID), பேஷன் படிப்புகளுக்கான நிஃப்ட் இரண்டிலும் பி.டிசைனுக்கு எந்த குரூப்பும் சரி. ஆனால் நிஃப்டிலேயே பேஷன் டெக்னாலஜி என்ற படிப்புக்குக் கணிதம் கேட்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வரைந்ததைத் தேதி போட்டு ஒரு ஃபைலில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள் அக்கா. எந்தப் பக்கம் போனாலும் உதவும். தாவரவியல் ரெக்கார்டு உட்பட!

கடல்வழி

சுருக்கமாக ஒன்று. முப்படை அதிகாரிப் பயிற்சிக்கான என்டிஏ தேர்வை எழுத நினைக்கிற பிள்ளைகளுக்கு: தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும். கடற்படை, விமானப்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். 2021 முதல் பெண்களும் எழுதுகிறார்கள், அதனால் இது உங்கள் மகளுக்கும் பொருந்தும். வணிகக் கப்பலில் அதிகாரியாகப் போக இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத் தேர்வு இருக்கிறது. அதற்கும் அதே மூன்று பாடம், சராசரி 60 சதவீதம், ஆங்கிலத்தில் தனியாக 50 சதவீதம். ஆங்கில மதிப்பெண்ணைக் கேட்கிற படிப்புகள் இருக்கின்றன என்பது பல பேருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. குரூப் பற்றியே பேசிக்கொண்டு மொழிப் பாடத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

தாமரைச்செல்வன்

இங்கே யாரும் தொடாத விஷயம்: பள்ளியும் மீடியமும். குரூப்பைவிட இதில்தான் உங்களுக்கு இழப்பு அதிகம் வரலாம் கயல்அம்மா.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தானே படிக்கிறாள்? பன்னிரண்டாவது வரை அங்கேயே முடித்தால் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்கும். 2020-ல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், விவசாயம், கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. பிளஸ் ஒன்னில் தனியாருக்கு மாற்றினால் 7.5 போய்விடும். கோச்சிங்குக்காக மாற்றுவதாக இருந்தால், அந்த ஒதுக்கீட்டில் போன வருடம் கடைசியாக இடம் பெற்றவரின் நீட் மதிப்பெண்ணையும் பொதுவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மீடியம் மாற்றுவதும் அப்படித்தான். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 முதல் சட்டமாகவே இருக்கிறது. பின்னர் வந்த திருத்தத்தின்படி, வேலைக்குரிய கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாவது தகுதி கேட்கும் வேலைகளுக்கு இப்போது மாறினாலும் பாதிப்பில்லை. பட்டப்படிப்பு கேட்கும் வேலைகளுக்கு, பிளஸ் ஒன்னில் மாறினால் அந்த முன்னுரிமை போய்விடும். ஆங்கிலத்தை நன்றாகக் கற்றுக்கொள்ள மீடியத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

கயல்அம்மா

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. 7.5 பற்றி எனக்குத் தெரியும், ஆனால் பள்ளி மாற்றினால் போய்விடும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. தனியார் பள்ளிப் பேச்சை வீட்டில் நிறுத்தியாகிவிட்டது.

இப்போது கேள்வி இரண்டே குரூப்பில் நிற்கிறது. எங்கள் பள்ளியில் பயோ மேத்ஸும் ப்யூர் சயின்ஸும் இருக்கின்றன. அவளுக்கு 78 மதிப்பெண் கணிதத்தில். அவளால் முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சேர்ந்த பிறகு முடியவில்லை என்றால் மாற்ற முடியுமா?

சூர்யா_பிளஸ்டூ

அக்கா, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் காமர்ஸ் எடுத்து பிளஸ் ஒன் முடித்துவிட்டேன், வணிகக் கணிதம் இல்லை, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். இப்போதுதான் டேட்டா சயின்ஸ் மேல் ஆர்வம் வந்திருக்கிறது. இதையெல்லாம் படித்தால் எனக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரி இருக்கிறது.

வெண்ணிலா

தம்பி சூர்யா, ஒன்றும் முடியவில்லை. பொறியியல் கலந்தாய்வு உனக்கு இல்லை, புள்ளியியலுக்குப் பேர்போன இந்தியப் புள்ளியியல் நிறுவனம் (ஐஎஸ்ஐ) போன்ற இடங்கள் கணிதம் கேட்கும். அது வரை உண்மை. ஆனால் ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பிஎஸ் பட்டப்படிப்பில் பிளஸ் டூ எந்த குரூப் என்றாலும் சேரலாம். பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடத்தை முடித்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். ஜேஇஇ தேவையில்லை. பிசிஏவுக்கும் பல கல்லூரிகள் உன் குரூப்பை ஏற்கும், விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும், தகவல் குறிப்பேட்டைப் பார்.

உனக்கு முக்கியமான வேலை இப்போதே கணிதம் தொடங்குவது. பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்தை அரசுப் பாடநூல் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள். வாரத்துக்கு ஒரு பயிற்சி போதும். நிகழ்தகவும் அணிகளும் முதலில்.

குமரன்_கணிதம்

சூர்யா, திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் பிளஸ் டூ முடித்தவர்கள் கணிதத்தைத் தனிப் பாடமாக எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். எழுதும் முன் நீ சேர நினைக்கிற கல்லூரி அதை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள். உயிரியல் விஷயத்தில் இது அதிகாரபூர்வமாகவே வந்துவிட்டது: பிளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

கயல்அம்மா, பத்தாவது 78-ஐ வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். எதில் போனது என்று பாருங்கள். வடிவியலிலும் வரைபடத்திலும் போயிருந்தால் கவலையில்லை. இயற்கணிதத்தில் போயிருந்தால் கவனிக்க வேண்டும், பிளஸ் ஒன் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

சேர்க்கைக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. பிளஸ் ஒன் கணிதம் முதல் தொகுதியை யாரிடமாவது வாங்கி, மூன்றாவது பாடமான முக்கோணவியலில் முதல் இரண்டு பயிற்சியை அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ட்யூஷன் வேண்டாம், எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் பார்த்து அவளாகவே. விடை சரியா என்று பார்க்காதீர்கள். தவறு வந்தால் திரும்பப் போய்ப் பார்க்கிறாளா, புத்தகத்தை மூடிவிடுகிறாளா என்று பாருங்கள். திரும்பப் போய்ப் பார்க்கிற பிள்ளை பயோ மேத்ஸ் தாங்கும். கணக்கைப் பார்த்தாலே முகம் வாடுகிறது என்றால் ப்யூர் சயின்ஸ் எடுக்கட்டும், அங்கே அவளுடைய 93 பேசும். அப்போது கட்டடக்கலையும் பொறியியலும் இல்லை என்பதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் போவது வேறு.

மாற்றுவதைப் பொறுத்தவரை, முதல் சில வாரங்களுக்குள் அந்த குரூப்பில் இடம் இருந்தால் தலைமையாசிரியர் மாற்றித் தருவார். பெயர்ப் பட்டியல் மேலே போய்விட்டால் கஷ்டம். கணிதம் உள்ள குரூப்பிலிருந்து இல்லாத குரூப்புக்கு ஆகஸ்டில் இறங்கினால்கூடப் பாடத்தை எட்டிப் பிடித்துவிடலாம். எதிர்ப்பக்கம் ஏறுவது அப்போதே கடினம். அதனால் சந்தேகம் இருந்தால் கணிதத்தில் தொடங்கட்டும். விண்ணப்பத்தில் இரண்டாம் விருப்பம் எழுதுகிற இடத்தைக் காலியாக விடாமல் ப்யூர் சயின்ஸ் என்று எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் 14417-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம், கல்வித் துறையின் உதவி எண் அது, குரூப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்கிறார்கள்.

கயல்அம்மா

புத்தகம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் வாங்கிவிட்டேன் சார். போன 22 மதிப்பெண்ணில் இயற்கணிதத்தில் ஐந்து மதிப்பெண்தான் போயிருக்கிறது, மீதி வடிவியலும் வரைபடமும். நாளைக் காலை உட்காரப் போகிறாள். முதல் பயிற்சி 3.1 தானே? ரேடியன் பற்றி வருகிற பயிற்சியையும் சேர்த்துப் போடச் சொல்லவா?

குமரன்_கணிதம்

சேர்த்தே போடட்டும் அம்மா. சிக்கிக்கொண்ட கணக்கைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், சாயங்காலம் பார்க்கிறேன்.